மஞ்சள் வேட்டியில் நீல சிரப்

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் உங்களுக்கு வீடு இருந்தால், அது வீடு அல்ல... சத்திரம்! மலையிறங்கும் சொந்தமெல்லாம் நம் ஃபேனுக்கு அடியில்தான் வந்து உட்காரும்.

இந்த முறை வந்தவர் லேசுப்பட்டவர் இல்லை. பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டுபவர். என் மகள் தீபாவைத் தன் பையனுக்குப் பெண் பார்த்துவிட்டு, “சொல்லி அனுப்பறோம்” என்று போனவர். ஒரு மாதமாகப் பேச்சே இல்லை. இப்போது காவடி செலுத்திவிட்டு, மஞ்சள் வேட்டியும் கழுத்தில் மாலையுமாக, மனைவியோடு வாசலில் நிற்கிறார்!

“வெயில்ல வந்துகீறாங்க, காபி வேணாம்மா. மாக்டெயில் போடறேன்” என்றாள் தீபா.

மாக்டெயிலா! மது இல்லாத பானம்தான், தெரியும். ஆனால் மாலை போட்டவர் முன்னால் கண்ணாடி கிளாஸ், ஐஸ், எலுமிச்சை வட்டம், நீல நிறம்... என்ன நினைப்பார்? நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். கவலையை மட்டும் இன்னும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

செய்முறை சுலபம். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. கொதித்து ஆறினால் சிரப். புதினாவை மத்தால் லேசாக நசுக்கினால் போதும், அரைத்தால் கசக்கும். இவற்றோடு கடையில் வாங்கிய நீல சிரப், எலுமிச்சைச் சாறு, ஐஸ் — எவர்சில்வர் டப்பாவில் மூடிபோட்டுக் குலுக்க வேண்டும். சோடா? கடைசியில், கிளாஸில்தான்!

தீபா அவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கப் போன நேரம். பதற்றத்தில் நான் சோடாவையும் டப்பாவிலேயே ஊற்றி, குலுக்கிக்கொண்டே கூடத்தில் அவர் எதிரில் வந்து நின்றேன்.

டப்!

மூடி பறந்தது. மஞ்சள் வேட்டியில் நீலம் பட்ட இடமெல்லாம் பச்சை. என் மகளின் கல்யாணம் அந்த வேட்டியில் வழிந்துகொண்டிருந்தது.

நான் பயந்தது நிறத்துக்கு... வெடித்தது சோடா. கவலை எப்போதும் தப்பான வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது!

அவர் வேட்டி ஓரத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தேய்த்தார்.

“ஏய், இங்க பாரேன்... மயில் பச்சை! நம்ம சாயக்காரன்கிட்ட எத்தினி வாட்டி கேட்டேன், வந்துச்சா?”

“ஆங்... அடுத்த லுங்கிக்கு சாயம் இங்கியே போட்டுக்கலாம். மொதல்ல மூஞ்சியத் தொடைங்க” என்றார் மனைவி.

“இதுல சாராயம்லாம் இல்லீங்க, சத்தியமா!” — இது நான். யாராவது கேட்டார்களா?

அவர் மீசையில் ஒட்டியதைச் சுவைத்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் கீது. மிச்சம் எதனா கீதா, சம்பந்திம்மா?”

சம்பந்திம்மா!

தீபா உள்ளே ஓடிவிட்டாள். மிச்சத்தை நானே ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு மாதக் கவலை தீர்ந்தது. அது சரி... முகூர்த்தத்தன்று மழை வந்தால்?