வெர்னாவுக்கு வந்த இரண்டு ஜாக்கி

பதினோரு வருஷமாக லாஸ் வேகஸ் விமான நிலையத்திலிருந்து ஓட்டல்களுக்கு வேன் ஓட்டுகிறாள் வெர்னா ஸ்டாக்டேல். கோடைதோறும் பெரிய போக்கர் போட்டிக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ வருகிறவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தாங்கள் தோற்ற கதைகளையே பேசிக்கொண்டு வருவார்கள். வெர்னா சாலையைப் பார்த்தபடி "ம்" கொட்டுவாள். போட்டி நடக்கும் ஓட்டல் வாசலில் இறக்கி, பெட்டிகளை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். அந்த வாசலுக்கு அப்பால் அவள் போனதே இல்லை. நுழைவுக் கட்டணம் அவளுடைய இரண்டு மாதச் சம்பளம்.

உள்ளே போக அவளுக்கு இருந்தது ஒரே வழி. உள்ளூர்க்காரர்கள் போகும் ஒரு சின்ன காசினோவில், மே மாதக் கடைசி ஞாயிறு மதியம் தகுதிப் போட்டி நடக்கும். தொண்ணூறு பேர் உட்காருவார்கள். கடைசியாக மிஞ்சும் ஆறு பேருக்குப் பெரிய போட்டியில் இடம். முதலாவதாக வந்தாலும் ஆறாவதாக வந்தாலும் அதே இடம்தான்.

மூன்று வருஷம் போனாள், மூன்று வருஷமும் கோட்டை விட்டாள். கைக்கு இரண்டு ராஜா வந்தால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியும். சின்ன ஜோடி வந்தால் வருத்தமில்லாமல் தூக்கிப் போடலாம். நடுவில் கிடக்கிற ஒன்பதும் பத்தும் ஜாக்கியும்தான் அவள் உயிரை வாங்கின. முதல் வருஷம் இரண்டு பத்து வந்தது. இருந்ததையெல்லாம் தள்ளினாள், எதிராளியிடம் இரண்டு ராணி. அடுத்த வருஷம் இரண்டு ஒன்பது. இந்த முறை அடக்கமாக இருப்போமென்று பந்தயத்தை ஏற்றாமல், இருக்கிற பந்தயத்துக்குச் சமமாக ஈடு மட்டும் கட்டினாள். மலிவாகக் கிடைத்ததே என்று நாலு பேர் உள்ளே நுழைந்தார்கள், எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் சீட்டுகளில் ஏஸ் விழுந்தது, நாலில் ஒருத்தனிடம் இன்னொரு ஏஸ். மூன்றாம் வருஷம் இரண்டு ஜாக்கி. பயந்துபோய்க் கீழே போட்டாள். ஜெயித்தவன் சிரித்துக்கொண்டே இரண்டு ஏழைத் திருப்பிக் காட்டினான். அந்த எரிச்சலில் பத்தே நிமிஷத்தில் கண்ட சீட்டுக்கும் காசைக் கொட்டி எழுந்து வந்தாள்.

இந்த வருஷம் தொண்ணூறு பேர் ஏழு பேராகிவிட்டார்கள். இன்னும் ஒரே ஒருவர் வெளியேற வேண்டும். வெர்னாவின் முன்னால், காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளில் இருபத்தைந்தாயிரம் மதிப்புள்ளது ஒன்று, சில்லறையாகப் பதினைந்தாயிரம். அவளுக்கு வலப்பக்கம் ஆர்வில் டிப்ஸ், ஓய்வுபெற்ற பிளம்பர். அவரிடம் மிச்சம் ஆயிரத்து ஐந்நூறுதான். அடுத்த ஆட்டத்தில் இரண்டாயிரம் கட்டாயப் பந்தயம் கட்டுகிற முறை அவருடையது. அதிலேயே மொத்தமும் போய்விடும். எதிரில் லைல் பொஹானன், வில்லைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்.

"டிரைவரம்மா, வேனை எங்க நிறுத்தியிருக்கீங்க? சீக்கிரம் கெளம்பிடுவீங்களே, அதான் கேட்டேன்" என்றார் லைல்.

"உன்னை ஏத்திட்டுப் போகத்தான்யா வாசல்ல நிக்குது."

"எனக்கும் ஒரு எடம் போட்டு வை, தாயி" என்றார் ஆர்வில். "அடுத்த ஆட்டத்தோட நான் காலி." தன் சீட்டுகளைத் தூக்கிப் போட்டார்.

வெர்னா தன் சீட்டுகளின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். ஸ்பேட் ஜாக்கி. ஆர்டின் ஜாக்கி.

வந்துட்டியா சனியனே, என்று மனசுக்குள் திட்டினாள். போன வருஷம் பயந்தது போதும். இருபத்தைந்தாயிரம் வில்லையை எடுத்து நடுவில் விட்டெறிந்தாள். அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது, பின்வாங்கவும் கூடாது. வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

"ஈடு, ரெண்டாயிரம்" என்றாள் சீட்டுப் பிரித்துக் கொடுக்கும் ரோசால்பா. இருபத்து மூவாயிரத்தை எண்ணித் திருப்பித் தள்ளினாள்.

"ஏய், நான் ஏத்தினேன்டி!"

"வாயத் தொறந்து சொன்னீங்களாக்கா?"

சொல்லவில்லை. பேசாமல் ஒற்றை வில்லையைப் போட்டால், அது எவ்வளவு பெரிய வில்லையானாலும் ஈடு கட்டியதாகத்தான் அர்த்தம். இந்த ஊரில் சீட்டைத் தொட்ட முதல் நாளே கற்றுக்கொள்கிற சட்டம். வெர்னாவுக்குக் காது சூடாகியது. இரண்டு ஒன்பதை வைத்துக்கொண்டு செய்த அதே முட்டாள்தனத்தை, இந்த முறை விரும்பாமலே செய்தாயிற்று.

"ஸ்கூல் பிள்ளைகூட செய்யாதும்மா இதை" என்ற லைல், இரண்டு கையாலும் கோபுரங்கள் மொத்தத்தையும் முன்னால் தள்ளினார். மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் வெர்னாவைப் பார்த்தார்கள்.

 ஆர்வில் முன்னால் கிடந்த இரண்டு வில்லைகளை வெர்னா பார்த்தாள். சீட்டைக் கீழே போட்டால் போவது இரண்டாயிரம்; அடுத்த ஆட்டத்தில் ஆர்வில் வெளியே, இவள் உள்ளே. துணிந்து தோற்றால் இவள் வெளியே, அவர் உள்ளே. ஜெயித்தாலோ, ஏற்கெனவே கைக்கு எட்டிய அதே இடம்தான் கிடைக்கும். எல்லாம் விளங்கியது. விளங்கியதுதான் இன்னும் எரிச்சல். போன வருஷமும் இப்படித்தானே போட்டாள்?

"நேரம் ஆகுதுக்கா."

வெர்னா இரண்டு ஜாக்கியையும் குப்புற எறிந்தாள்.

"என்னய்யா வச்சிருந்த?"

லைல் தன் சீட்டுகளைத் திருப்பாமலே ரோசால்பாவிடம் தள்ளினார். "ரெண்டு எட்டு."

"பொய்!"

"சரி, ரெண்டு ராணி. இப்ப சந்தோஷமா?"

"ரோசால்பா, நடுவுல என்ன விழுந்திருக்கும்னு மட்டும் காட்டேன். ஒரே ஒரு தடவை."

"போட்டியில காட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா? என் வேலை போயிடும்." சீட்டுகள் எல்லாம் அவள் கையில் ஒன்றாகக் கலந்து போயின.

அடுத்த ஆட்டத்தில் ஆர்வில் டிப்ஸின் ஆறும் ஒன்பதும் லைலின் ஒரு ஜோடி நாலிடம் தோற்றன. சுற்றிலும் கைதட்டினார்கள். ஆர்வில் எழுந்து வெர்னாவின் கையைக் குலுக்கினார்.

"எடம் கெடச்சிடுச்சு தாயி. கொஞ்சம் சிரிக்கக் கூடாதா?"

"அவன்கிட்ட எட்டுதான் இருந்திருக்கும், ஆர்வில்."

"நான் தோத்துட்டு நிக்கிறேன். நீ மூஞ்சத் தூக்கி வச்சிருக்க!"

ஜூன் மாதத்துக்குள் லைல் நாலு முறை அவளுக்கு எதிர்ப்பட்டார். ஒரு முறை ஏஸும் ராஜாவும் என்றார். ஒரு முறை வெறும் ரெண்டும் ஏழும் என்றார். மற்ற இரண்டு முறையும் மறந்துபோச்சு என்றார்.

போட்டியன்று காலை வெர்னா லீவு போட்டுவிட்டு, தன் கம்பெனி வேனிலேயே பின் சீட்டில் ஏறினாள். ஓட்டியவன் டுவைட். வண்டி நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டு ஜாக்கி, டுவைட். வில்லையைப் போட்டேன், வார்த்தை வரல. அந்தாளு மொத்தத்தையும் தள்ளுறான். நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"ம்" என்றான் டுவைட், சாலையைப் பார்த்தபடி.

"எட்டா, ராணியான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கிறான்."

"ம்."

வேன் நின்றது. டுவைட் இறங்கி வந்து கதவைத் திறந்து பிடித்தான். பதினோரு வருஷமாக வெளியிலிருந்து மட்டுமே அவள் பார்த்த வாசல்.

"வந்தாச்சு வெர்னா. எறங்கு."

"இருடா" என்றாள் அவள், பெல்ட்டைக் கழற்றாமல். "இன்னும் முடிக்கல."