மஞ்சள் ஏறிய மாற்றுச்சாவி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் மகள் வீட்டு அலமாரியில், ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள், சிறிய பித்தளைச் சாவி ஒன்று இருக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இராது. தலைப்பகுதியில் தேய்ந்துபோன எண்கள். அந்த எண்களின் பள்ளத்தில் இன்னும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆகிவிடும் என்று மகள் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ஓடிப்போய் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அந்தச் சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டிய மோட்டார் சைக்கிள் எந்தக் காயலான் கடையில் எப்போது கரைந்ததோ தெரியாது. ஆனாலும் சாவியைக் கையில் எடுத்தால் போதும், என் அடிவயிறு சில்லிட்டுவிடும். பிள்ளை மூச்சு விடுகிறதா என்று காதைக் கொண்டுபோய் அதன் வாயருகே வைத்தவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகள் முந்திய கதை இது. கிள்ளானிலிருந்து கேரி தீவுக்குப் போகிற வழியில் ஒரு ரப்பர்த் தோட்டம். என் கணவருக்கு அங்கே கிராணி உத்தியோகம், அதாவது தோட்ட ஆபீஸில் வேலை. எங்கள் பக்கத்து வீடு டிரஸ்ஸருடையது. தோட்டத்து ஆஸ்பத்திரி என்று பேர்பெற்ற தகரக் கொட்டகையில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவதும், கொசு வராமல் கால்வாய்களுக்கு எண்ணெய் ஊற்றச் சொல்லி ஆட்களை விரட்டுவதும் அவர் வேலை. நல்ல மனிதர். கைராசிக்காரர். ஆனால் கையில் எது கொடுத்தாலும் தொலைப்பார். குடை, மூக்குக்கண்ணாடி, ஒரு தடவை போட்டிருந்த செருப்பில் ஒன்று. அவர் மனைவியை நான் டிரஸ்ஸரக்கா என்று கூப்பிடுவேன். புருஷனுக்குப் பின்னாலேயே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவதற்கே பிறந்தவள் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதன் முன்விளக்கின் தலையில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அதில் சாவியைச் செருகித் திருப்பினால்தான் வண்டிக்கு உயிர் வரும். கடைக்காரன் இரண்டு சாவி கொடுத்திருந்தான். முதல் மழைக்காலத்திலேயே ஒன்று கால்சட்டைப் பையின் ஓட்டை வழியாக ரப்பர்க் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. மற்றது எங்கே என்று அரை நாள் வீட்டைக் கவிழ்த்துத் தேடினார்கள். கடைசியில் கொய்னா டப்பாவுக்குள் கிடந்தது. கிள்ளான் கடையில் போய் இன்னொன்று செய்து தரச் சொன்னபோது, பாசாரில் உட்கார்ந்து பூட்டுச்சாவி ராவுகிற ஆளால் இது ஆகாது, சாவியிலுள்ள எண்ணை எழுதிக் கொடுங்கள், சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும் என்றார்களாம். அது வந்து சேர்வதற்குள் தீபாவளியும் போய்ப் பொங்கலும் போய்விட்டது. புதுச் சாவி கைக்கு வந்த அன்றே அக்கா கையை நீட்டினாள்.

"பழச என்கிட்ட குடுங்க. இனிமே இது எங்கிட்டதான் இருக்கும்."

முதலில் தாலிக்கயிற்றில் ஊக்கில் கோத்து வைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் ஊக்குகளை அங்கேதானே மாட்டிக்கொள்கிறோம்! ஒருநாள் கிணற்றடியில் குனிந்தபோது ஊக்கு திறந்து, சாவி கல்லில் விழுந்து, கிணற்றுக்குள் போக ஒரு சாண்தான் பாக்கி. ஆடிப்பெருக்குக்குப் புதுக் கயிறு மாற்றும்போது சாவியின் துளைக்குள் கயிற்றையே நுழைத்து, நகராதபடி முடிச்சும் போட்டுவிட்டாள். பித்தளைச் சாவி பொன் தாலிக்குப் பக்கத்தில் குடியேறியது. தோட்டத்துப் பெண்கள் விடுவார்களா? "டிரஸ்ஸர் வண்டிய கிளப்பணும்னா மொதல்ல சம்சாரத்த கட்டிப் பிடிக்கணும்லா!" என்று குழாயடியில் ஒரே சிரிப்பு. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். எந்த இடத்தில் வைத்தால் தொலையவே தொலையாதோ அந்த இடத்தில் வைத்துவிட்டாள். அங்கிருந்து எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று அவளும் யோசிக்கவில்லை, சிரித்த நாங்களும் யோசிக்கவில்லை.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி என்று சிணுங்கிக்கொண்டிருந்தவள், அன்று மத்தியானம் சிணுங்கவும் முடியாமல் கிடந்தாள். மூச்சு இழுக்கும்போது சேவல் கூவுவதுபோல ஒரு சத்தம். டிரஸ்ஸர் வந்து, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ரத்தமே இல்லை.

"தொண்டை அடைப்பான், கிராணியம்மா. இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். புள்ளய தூக்கிக்குங்க."

என் கணவர் ரப்பர் ஏற்றிய லோரியோடு துறைமுகத்துக்குப் போயிருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் துரையோடு கோலாலம்பூரில். மாட்டுவண்டி கட்டினால் பொழுது சாய்ந்துவிடும், பிள்ளை அதுவரை தாங்காது. மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு கதி இல்லை. டிரஸ்ஸர் வண்டியின் மேல் உட்கார்ந்து, சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். மறுபடியும் சட்டைப் பை. காலையில் கால்வாயில் கொசுப்புழு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. எண்ணெய் மிதக்கிற அந்தக் கறுப்புத் தண்ணீரில் எங்கே போய்த் தேடுவது? அவர் தலையைத் திருப்பி அக்காவின் கழுத்தைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மஞ்சளும் எண்ணெயும் குளித்த தண்ணீரும் ஊறிய முடிச்சு, கல்லாக இறுகியிருந்தது. அக்கா நகத்தால் நோண்டினாள். நான் பல்லால் கடித்து இழுத்தேன். மஞ்சளின் கசப்பு வாயெல்லாம். என் தோளில் கிடந்த பிள்ளையின் மூச்சு ஒரு தடவை நின்று, நான் அலறிய பிறகு, மறுபடி இழுத்தது. டிரஸ்ஸர் கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் அதை அவள் கழுத்தருகே கொண்டுபோகாமல் நின்றார். கங்காணி வீட்டுக் கிழவி வாயிலடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அறுக்காதீங்க! உசுரோட இருக்கற புருஷன் கையாலயே அறுக்கறதா?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்குத் தாலியும் பெரிதில்லை, டிரஸ்ஸரும் பெரிதில்லை. கத்தரிக்கோலை நானே பிடுங்கியிருப்பேன். அதற்குள் அக்கா இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, கொண்டையைத் தாண்டித் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றிவிட்டாள். கயிற்றோடு, தாலியோடு, சாவியை முன்விளக்கில் தானே செருகித் திருப்பினாள். முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள்.

"அறுக்கலயே. கழட்டித்தானே இருக்கு? போங்க. பாத்துப் போங்க."

டிரஸ்ஸர் ஏறி உதைத்தார், நான் பிள்ளையோடு பின்னால் ஏறினேன். வண்டி கிளம்பிவிட்டது.

பிள்ளையை மார்போடு சேலையால் கட்டிக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் மாட்டுவண்டியில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு போகிறவள் நான். செம்மண் சாலை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் டிரஸ்ஸரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பேன். முன்விளக்கில் தாலி ஆடிக்கொண்டிருக்கும். டங் டங்கென்று தகரத்தில் மோதும். சாவி தெறித்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் பிள்ளை போய்விடும். வண்டி சறுக்கினால் இவரும் போய்விடுவார், அந்தத் தாலியைக் கொண்டுபோய் அக்காவிடம் நான் எப்படிக் கொடுப்பேன்? இரண்டு பயமும் மாறி மாறி என்னைப் பிடித்து ஆட்டின. "புள்ள பேர சொல்லிக் கூப்ட்டுக்கிட்டே வாங்க, கிராணியம்மா! தூங்க விடாதீங்க!" என்று அவர் திரும்பாமலேயே கத்தினார். கத்திக்கொண்டே போனேன். வழியிலிருந்த கம்பத்து வீடுகளின் மலாய்க்காரர்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

கிள்ளானுக்குள் நுழையும் இடத்தில் ரயில் கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. சாவியைத் தொடவே பயந்தார் என்று நினைக்கிறேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மாரியம்மா, மாரியம்மா என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குக் கீழே கீறிக் குழாய் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நான் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்த டிரஸ்ஸர் என் எதிரே நின்றார். காக்கிச் சட்டைக் கழுத்துக்கு வெளியே மஞ்சள் கயிறு, தாலி, சாவி. வண்டியிலேயே விட்டால் எவனாவது எடுத்துக்கொள்வான், பையில் போட்டால் தானே தொலைத்துவிடுவோம் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். போகிற வருகிற நர்ஸ் மிஸ்ஸிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் வந்து சொன்ன பிறகு, இருவரும் சேர்ந்து அழுதோம்.

அவர் திரும்பிப் போன கதையை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். நாங்கள் போனதிலிருந்து அக்கா தோட்டத்து வாசலிலேயே நின்றிருக்கிறாள். ஒரு மஞ்சள் கிழங்கையாவது கட்டிக்கொள் என்று கிழவி கெஞ்சியிருக்கிறாள். "அவரு கட்டினது. அவரே வந்து கட்டட்டும்" என்று மறுத்துவிட்டாளாம். சாயங்காலம் நல்ல மழை. கிள்ளான் பக்கமிருந்து வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர், பாலத்தண்டை ஒரு மோட்டார் சைக்கிள் கவிழ்ந்து கிடக்கிறது, ஆளைக் காணோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போனவர்கள் கையையெல்லாம் தட்டிவிட்டாளாம். இருட்டுகிற நேரத்தில், வளைந்துபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு, நொண்டிக்கொண்டு, உடம்பெல்லாம் சேறாக டிரஸ்ஸர் வந்து சேர்ந்தார். ஆற்றோரம் இறங்கிக் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாராம், அதனால்தான் வண்டிக்காரர் கண்ணில் படவில்லை. விழுந்ததும் வண்டியிலிருந்து சாவியோடு எடுத்து மாட்டிக்கொண்ட தாலி கழுத்தில் அப்படியே இருந்தது. வாழ்க்கையில் அவர் தொலைக்காமல் கொண்டுவந்த ஒரே பொருள் அதுதான் என்று கங்காணி பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மழையில், நடுச்சாலையில் அவர் அதை அவள் தலைவழியே போட்டுவிட, கிழவி குலவையிட்டிருக்கிறாள்.

அடுத்த நல்ல நாளில் அக்கா கயிறு மாற்றினாள். தாலி புதுக் கயிற்றுக்குப் போன பிறகு பழைய கயிற்றை அறுத்துச் சாவியை எடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த என் கையில் வைத்தாள்.

"இனிமே இது உங்க வீட்லயே இருக்கட்டும், தங்கச்சி. தொலைக்கற வீட்ல ரெண்டையும் வச்சா எப்படி?"

வளைந்த வண்டியை நிமிர்த்தினார்கள். கடைக்காரன் மறுபடி சிங்கப்பூருக்கு எழுதினான். புதுச் சாவி வருகிறவரை அவர் தினமும் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, "சாவி, கிராணியம்மா" என்பார். மாலையில் திருப்பிக் கொடுப்பார். அப்புறம் ஜப்பான்காரன் சண்டை வந்தது, வண்டியை யாரோ கொண்டுபோனார்கள், நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தோம், அவர்கள் கிள்ளானிலேயே தங்கிவிட்டார்கள். சாவி என்னோடு வந்தது.

டிரஸ்ஸர் நல்ல வயதுவரை இருந்து, நோயில் படுக்காமல் போனார். சாவுக்கு என்னால் போக முடியவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் காலை கிள்ளானுக்குப் போனேன். போகும்போது சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெறும் கழுத்து. அப்படி அவளை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் அன்று அவள் முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொள்வதற்கு முந்திய ஒரு நொடி. சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்களுக்குள் இருந்த மஞ்சளை நகத்தால் மெல்லத் தடவினாள்.

"அன்னிக்கு வாசல்ல நின்னேனே, தங்கச்சி, என்னா பயம் பயந்தேன் தெரியுமா? உசுரே போயிடும்போல இருந்திச்சு. இப்ப பாரு, பயமே இல்ல. பயப்படறதுக்குத்தான் யாரும் இல்லையே."

பிறகு என் விரல்களைப் பிரித்துச் சாவியை உள்ளே வைத்து மூடினாள். "உங்க வீட்லயே இருக்கட்டும்" என்றாள்.

என் மகள் இப்போது காரில் வேலைக்குப் போகிறாள். கழுத்துத் தழும்பு தெரியாமல் ரவிக்கையை உயரமாகத் தைத்துக்கொள்வாள். மழை பெய்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். "ஏம்மா இப்படிப் பயந்து சாகறே?" என்று வந்ததும் எரிந்துவிழுவாள். அவள் உடை மாற்ற உள்ளே போன பிறகு டின்னைத் திறந்து, சாவி இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மூடுவேன்.