புயலுக்கும் கள்ளுக்கடைக்காரிக்கும் ஒரே பேரு

கள்ளுக்கடை லோரிங்கைப் பத்தி யாராவது விசாரிச்சா, நான் மொதல்ல ஒண்ணு கேப்பேன். "எந்த லோரிங்? மனுஷியா, புயலா?" எங்க ஊர்ல இதைக் கேக்காம அந்தப் பேரைப் பேச முடியாது. மணிலாவுக்குத் தென்கிழக்கே, சமார் தீவோட கிழக்குக் கரையில, பெருங்கடலுக்கு நேரா மூஞ்சியக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு எங்க ஊரு. வருஷத்துக்கு எத்தனை புயல் வருதுன்னு நாங்க எண்றதில்ல. வானிலைக்காரங்க எண்ணுவாங்க. எண்ணி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொம்பளை பேரை வைப்பாங்க. நாசம் பண்ற எல்லாத்துக்கும் எங்க பேருதான் கிடைச்சுதா? நான் ரொட்டிக்கடை நடத்தறவ, தியாங்னு பேரு. நல்லவேளை, என் பேரை இன்னும் எந்தக் காத்துக்கும் வைக்கலை.

மனுஷி லோரிங்குக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு லொரெட்டா. என் கடைக்கு ரெண்டு வீடு தள்ளி அவ கள்ளுக்கடை. மரப்பட்டை போட்டுச் சிவப்பாக்கின தென்னங்கள்ளு. ஆளு குட்டை, குரல் பெருசு. "குடிச்சிட்டு விழறதா இருந்தா கடலப் பாத்து விழுங்கடா, என் வாசல்ல விழுந்தா கூட்டித் தள்ளிருவேன்"னு சொல்லிச் சொல்லித்தான் ஊத்துவா. எங்க ஊர்ல மூத்த பொம்பளைங்க எல்லாருமே எங்களுக்கு 'மனா'. ஆனா அவளை மட்டும் சின்னது பெருசு எல்லாம் 'மனா லோரிங்'னு பேரோட சேத்துத்தான் கூப்பிடும். அந்தப் பேரைக் கூப்பிடறதுலயே ஒரு ருசி இருந்துச்சு.

வானிலைக்காரங்ககிட்ட பேருக்குப் பஞ்சம் போலிருக்கு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேருங்களைத் திருப்பி விடுவாங்க. அப்படித்தான் ஒரு தடவை என் கடை ரேடியோவுல, "லோரிங் கிழக்கிலிருந்து நெருங்கிக்கொண்டிருக்கிறது"ன்னான். ரொட்டிக்கு நின்ன கூட்டம் அப்படியே சிரிச்சுது. லோரிங்குக்கு எதிர்வீட்டு குலாசாவோட புருஷன் பன்யோங், மீன்பிடிக்கறவன், கள்ளுக்கடையப் பாத்துக் கத்தினான்.

"மனா லோரிங், எப்ப வர்றீங்க? கொஞ்சம் நிதானமா வாங்க, வலை காயப் போட்டிருக்கேன்!"

"சொல்லிட்டு வர்றதுக்கு நான் என்ன விருந்தாளியா? உம்பொண்டாட்டி துணிய எல்லாம் நனைச்சிட்டுத்தான் போவேன், போடா!"

சொன்னபடியே ஆச்சு. தூறிச்சு, குலாசாவோட துணி நனைஞ்சுது, புயல் வடக்கே திரும்பிப் போயிருச்சு. அன்னிக்குச் சாயங்காலம் லோரிங் எல்லாருக்கும் ஒரு குவளை சும்மா ஊத்தினா. "எம்பேரைக் காப்பாத்திட்டாடா அவ"ன்னு நெஞ்சைத் தட்டிக்கிட்டா. வினையே அங்கதான் ஆரம்பிச்சுது. அப்ப யாருக்குத் தெரியும்?

நாலு வருஷம் கழிச்சு மறுபடி லோரிங் வந்துச்சு. இந்தத் தடவை ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சாரு. "லோரிங் வருது! மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க! எல்லாரும் போங்க!" அவரு தொண்டை கிழியக் கத்தக் கத்த, ஜனங்களுக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நம்ம லோரிங்தானே! இப்ப யோசிச்சா விசித்திரமா இருக்கு. வேற பேரு வச்சிருந்தா ஓடியிருப்பாங்க. பழகின பேரு, போன தடவை துணிய மட்டும் நனைச்சிட்டுப் போன பேரு. இன்னொரு காத்து அதே பேரைப் போட்டுக்கிட்டு வரும்னு எங்க மண்டைக்கு ஏறவே இல்ல. எங்களுக்கு அது சொந்தக்காரி மாதிரி.

லோரிங் பெஞ்சு மேல ஏறி நின்னா. "என்னைப் பாத்து எதுக்குடா ஓடறீங்க? போன தடவை கடிச்சேனா?"

தெருவுல பாதிப் பேரு தங்கிட்டாங்க. அவளும் தங்கினா, நானுந்தான். அவளே அவ பேச்சை நம்பினா, அதைச் சொல்லணும். குலாசா மகனை இழுத்துக்கிட்டு மேட்டுக்குப் போனா. "நீயும் வாய்யா"ன்னா புருஷன்கிட்ட. "மனா லோரிங்குக்குப் பயந்தா ஊர்ல என்னை எவனாவது மதிப்பானா? படகைக் கட்டிட்டு வர்றேன், போ"ன்னான் பன்யோங்.

காலையில காத்து மலையிலேருந்து கடலைப் பாத்து அடிச்சுது. எங்க ஓடையில கடல்தண்ணி ஏறி நிக்கும். அது அப்படியே வத்திப் போயி, சேறு தெரிஞ்சுது, மீன் துள்ளுச்சு. பன்யோங்கும் இன்னும் நாலஞ்சு பேரும் சிரிச்சுக்கிட்டே எறங்கி மீன் பொறுக்கினாங்க. மேட்டுல நின்ன குலாசா அதைப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் காத்து திரும்புச்சு. போன கடல் மொத்தமும் ஒரே மூச்சுல திரும்பி வந்துச்சு.

நானும் லோரிங்கும் கோயில் மாடத்துல ஏறித் தப்பிச்சோம். எறங்கிப் பாத்தா ஊரு இல்ல. என் அடுப்பு இல்ல. கள்ளுக்கடை இருந்த எடத்துல யாரோட படகோ கவுந்து கெடந்துச்சு. பன்யோங் கெடைக்கவே இல்ல. தென்னை மரம் பூராவும் ஒரே பக்கமா சாஞ்சு கெடந்துச்சு, வாரி விட்ட தலைமுடி மாதிரி. எங்களுக்கு அரிசி, சட்டை, பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாமே அந்த மரந்தான். புதுக் கன்னு நட்டா காய்க்க ஏழு வருஷம். ஏழு வருஷம் வயித்துக்கு என்ன சொல்றது? கொப்பரை வியாபாரி வர்றதை நிறுத்தினான். வயசுப் பொண்ணுங்க மணிலாவுக்கு வீட்டுவேலைக்குப் போச்சுங்க, பாதி திரும்பவே இல்ல. ஆணி, கூரைத் தகடு எல்லாம் யானை விலை. மரமில்லாதவ எங்க கள்ளு எறக்கறது? லோரிங் சீனிக்கிழங்கு அவிச்சு வித்தா. கடன் வாங்கி ஒரு பன்னிக்குட்டி வளத்தா.

அதையெல்லாம் தாங்கிக்கிட்டா. தாங்க முடியாதது வேற. செத்தவங்களுக்காகக் கோயில்ல பூசை நடந்தப்ப குலாசா எழுந்து நின்னு, "லோரிங் எம்புருஷனைத் தின்னுட்டா"ன்னு கத்தினா. அடுத்த பெஞ்சுல லோரிங் உக்காந்திருந்தா. யாரைச் சொன்னா, காத்தையா, இவளையா? யாரும் கேக்கலை. லோரிங் தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போனா.

அதோட அந்தப் பேரு ஊரைவிட்டே போச்சு. சொன்னா புயல் திரும்பி வரும்னு ஒரு பயம் பிடிச்சுக்கிச்சு. புள்ளைங்க வாயில வந்தா பட்டுன்னு ஒரு அடி. எல்லாரும் அவளை வெறும் 'மனா'ன்னாங்க. இல்லேன்னா "ஏய், கிழங்கு!" குலாசா அதுவுங்கூடச் சொல்றதில்ல. எதிரெதிர் வீடு, ஒரே குழாய்ல தண்ணி, ஆனா ஒரு வார்த்தை கிடையாது.

ஒருநாள் லோரிங் எங்கிட்ட, "தியாங், நீயாவது எம்பேரைச் சொல்லேன்"னா. நான் அக்கம்பக்கம் பாத்துட்டு, "மனா லோரிங்"னு மெதுவாச் சொன்னேன்.

"கெட்ட வார்த்தை மாதிரி சொல்றேடி. வேணாம், விடு."

அப்புறம் ஒருநாள், நான் திரும்பக் கட்டின கடையில, ரேடியோவுல, "லோரிங் என்ற பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இனி எப்போதும் பயன்படுத்தப்படாது"ன்னான். பெரிய சேதம் பண்ணின பேரை மறுபடி வைக்கறதில்லையாம். லோரிங் கையில இருந்த ரொட்டி கீழ விழுந்துச்சு.

"இதென்னடி அநியாயம்? அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவாங்க? நாளைக்கு நான் செத்தா கல்லுல என்ன எழுதுவாங்க?"

"மனா, அது காத்தோட பேரை..."

"கவர்மெண்டு சொல்லிருச்சில்ல!"

ஞானஸ்நானச் சீட்டை எடுத்துக்கிட்டு நகராட்சிக்கு நடந்தா. நானும் கூடவே ஓடினேன், வேற என்ன பண்றது. அங்க இருந்த பையன் மொதல்ல சிரிச்சான். அவ மூஞ்சியப் பாத்துட்டுச் சிரிப்பை முழுங்கிக்கிட்டான். "மனா, உங்க பேரு உங்களுதுதான். புயலுக்குத்தான் இனிமே வைக்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா 'லிசிங்'னு வச்சிருக்காங்க"ன்னு பொறுமையா சொன்னான்.

அவ நெத்தி சுருங்கிச்சு. "லிசிங்கா? பக்கத்து ஊர்ல தையல்காரி ஒருத்தி இருக்காளே! ஐயோ பாவம், அவகிட்ட சொன்னீங்களா?"

யாரும் சொல்லலை. இவளே போனா, அதுவும் மத்தியான வெயில்ல. லிசிங் தையல் மெஷின்லேருந்து நிமிந்து பாத்தா.

"உம்பேரைப் புயலுக்கு வச்சிருக்காங்கம்மா. சிரிக்காதே. யாராவது கிண்டல் பண்ணினா நீயும் கூடச் சேந்து பண்ணாதே. 'லிசிங் வருது, ஓடுங்க'ன்னு சொன்னா, நீதான் மொதல்ல ஓடணும். உன்னைப் பாத்து மத்தவங்களும் ஓடட்டும்."

அந்தப் பொம்பளை என்னைப் பாத்து, இதுக்குப் பைத்தியமான்னு கண்ணாலயே கேட்டா. திரும்பி வர்ற வழியில லோரிங், "பேரு என்னுதுதான்னு அந்தப் பையன் சொன்னான். என்னுதுன்னா யாராவது கூப்பிடணும்ல?"ன்னா.

வருஷங்க போச்சு. நட்ட கன்னுங்க காய்க்க ஆரம்பிச்சுது. லோரிங் மறுபடி கள்ளு எறக்கினா. பெஞ்சு போட்டா, ஆம்பளைங்க வந்தாங்க, ஆனா பழைய வாய் இல்ல அவளுக்கு. ஊத்துவா, காசை வாங்குவா, அவ்வளவுதான். புதுசா வளத்த பன்னி மட்டும் நல்லாக் கொழுத்து, சினையா நின்னுச்சு. குட்டி போட்டதும் வித்துக் கூரைத் தகடு வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா.

அப்பத்தான் இன்னொரு புயல் வந்துச்சு. பேரு வேற, அதை விடுங்க. இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கலை. விடியறதுக்குள்ளயே ஊரு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பிருச்சு. கோணிப்பையத் தலையில போட்டுக்கிட்டுப் பொம்பளைங்க மேட்டுச் சரிவுல ஏறி வந்துக்கிட்டே இருந்தாங்க. லோரிங்கும் வந்துட்டா. வந்து மூச்சு விடறதுக்குள்ள தலையில அடிச்சுக்கிட்டா.

"பன்னிய அவுத்து விடாம வந்துட்டேனே! கட்டின கயித்தோட மூழ்கிச் சாகுமே!"

"விடுங்க மனா, உசுரு பெருசா பன்னி பெருசா?"

"உனக்கென்னடி, எங்கூரை அது வயித்துலதான் இருக்கு!"

கையப் பிடிச்சேன், உதறிட்டுப் போயிட்டா. ஓடையத் தாண்ட ஒரு மரப்பாலம். ஏறி வர்றவங்களுக்கு நடுவுல இவ ஒருத்தி மட்டும் எறங்கிப் போறா.

அப்ப ஜன்னலோரம் இருந்த யாரோ, "ஓடையப் பாருங்க"ன்னாங்க. பாத்தேன். தண்ணி இல்ல. சேறு தெரியுது, மீன் துள்ளுது.

எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்து கத்தினோம். "மனா! மனா! திரும்பி வாங்க!" காத்து மலையிலேருந்து கீழ அடிச்சதால எங்க குரலும் கீழதான் போச்சு. ஆனா என்ன புண்ணியம்? சரிவுல இருக்கற அத்தனை பேரும் மனா! ஒவ்வொருத்தியும் தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு நிமிந்து பாக்குறா. லோரிங் மட்டும் திரும்பலை. ஏறி வர்ற வேற எந்த மனாவையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சாளோ என்னவோ. பாலத்துல கால வச்சுட்டா.

அந்தப் பேரு எனக்குத் தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு. எல்லாருக்கும் நின்னுச்சு, மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. புயல் நடுவுல அந்தப் பேரைச் சொல்லி அதைக் கூப்பிட எவளுக்குத் தைரியம் வரும்?

என் தோள்ல ஒரு கை விழுந்து என்னை ஓரமாத் தள்ளுச்சு. குலாசா. வாசப்படியில எறங்கி, மழையில நின்னு, வயித்துலேருந்து எழுப்பிக் கத்தினா.

"லோரிங்!"

கெழவர் ஒருத்தர் சிலுவை போட்டுக்கிட்டாரு. ஒருத்தி புள்ளையோட காதைப் பொத்தினா.

"லோரிங்! ஏ லோரிங்! திரும்புடி!"

பாலத்து நடுவுல அவ நின்னா. திரும்பிப் பாத்தா. மேல நிக்கறது யாருன்னு பாத்தா. அப்புறம் ஓடி வந்தா பாருங்க, அந்த வயசுல, அந்தக் குட்டைக் காலை வச்சுக்கிட்டு. பாதி மேடு ஏறினப்பவே காத்து திரும்பிருச்சு. பின்னாடி கடல் வந்துச்சு. பாலம் இருந்துச்சு, அப்புறம் இல்ல. எங்கியோ பன்னி ஒரு தடவை கத்தின மாதிரி இருந்துச்சு.

நாங்க நாலு பேரு கையக் கொடுத்து மேல இழுத்தோம். நனைஞ்சு, நடுங்கி, வாசப்படியில உக்காந்து மூச்சு வாங்கினா. வாங்கிட்டு, தலைய நிமித்தாமலே கேட்டா.

"யாரு கூப்பிட்டது?"

எல்லாரும் குலாசாவைப் பாத்தோம்.

"நான்தான்."

"என்னையா, அவளையா?"

குலாசா கீழ, ஓடை இருந்த எடத்தைப் பாத்தா. மூக்கைச் சிந்தி எறிஞ்சா.

"அவ எம்புருஷனைக் கொண்டுட்டுப் போயி எத்தனையோ வருஷமாச்சு. அவளை நான் எதுக்குக் கூப்பிடறேன்? ஒன்னைத்தான்."

லோரிங் ஓன்னு அழுதா. பன்னிக்கும் சேத்துத்தான் அழுதான்னு நெனக்கிறேன், எல்லாத்துக்கும் சேத்து. குலாசா தன் தோள்ல கெடந்த துண்டை எடுத்து அவ தலையில போட்டா.

"போதும், அழுதது. தலையத் துவட்டு, லோரிங்."