தூசி தட்டினேன் என்று எழுதிக் கொடுத்தேன்

வருடத்துக்கு இரண்டு முறை என்னை என் வகுப்பறையிலிருந்தே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பருவத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள், மாணவர்களில் ஒருவர் எழுந்து வந்து என் மேசைமேல் இருக்கும் பழுப்பு உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் தாள்களை எல்லோருக்கும் கொடுப்பார். நான் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, நான் எப்படிப் பாடம் நடத்துகிறேன் என்று கால் மணி நேரம் எழுதுவார்கள். ஊர் உலகத்தில் இதைக் கணினியில் செய்கிறார்களாம். எங்கள் கல்லூரி இன்னும் தாளை விடவில்லை. நான் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் தீயணைப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருப்பேன். இதற்குமுன் வகுப்புக்கு வெளியே நின்றது தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் எட்டாம் வகுப்பு படித்தபோது. வெளியே அனுப்பியவர் கணக்கு வாத்தியார், அதாவது என் அப்பா. அன்றைக்காவது என்ன குற்றம் செய்தோம் என்று தெரிந்திருந்தது.

கனடாவின் நடுப்பகுதியில், கோதுமை வயல்களுக்கும் பனிக்கும் இடையில் இருக்கிற ஒரு சின்ன ஊர் இது. 'உலக மதங்கள்: ஓர் அறிமுகம்' என்பது என் பாடம். பதின்மூன்று வாரத்தில் எட்டு மதங்களை முடித்தாக வேண்டும். ஒரு மதத்துக்கு இரண்டு வாரம்கூட வராது. கடவுள்கள் யாரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. இந்த வேலைக்கு ஒரே ஒரு கடுமையான விதி உண்டு. நடத்துகிறவர் எந்தப் பக்கம் என்று வகுப்புக்குத் தெரியக் கூடாது. கிரிக்கெட் அம்பயர் மாதிரி நிற்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டாக நீட்டிக்கப்படும் ஒப்பந்தத்தில் வந்தவன் நான். மூன்றாவது ஆண்டின் முடிவில் ஒரு குழு உட்காரும். நிரந்தரம் என்றால் இருக்கலாம், இல்லை என்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்தக் குழு படிப்பது நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை அல்ல, பிள்ளைகள் எழுதிய அந்தத் தாள்களை. சென்ற ஆண்டு எனக்கு அந்த மூன்றாவது ஆண்டு.

தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த கல்லூரியிலும் இப்படி ஒரு தாள் வந்தது. ஆய்வுக்குழு வருகிறது என்று முதல்வர் அலறியடித்துக்கொண்டு அறுபது படிவங்களை அச்சடித்து வகுப்புக்கு அனுப்பினார். வகுப்பு பிரதிநிதி முத்துராஜ் ஸ்ரீவைகுண்டத்துப் பையன், எதையும் தலையில் போட்டுக்கொண்டு செய்கிறவன். சாயங்காலமே கட்டைக் கொண்டுவந்து வைத்தான். அறுபதும் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில் இருந்தன.

"எல்லாத்தையும் நீயே போட்டியால?"

"ஆமா சார். எல்லாத்துலயும் உங்களுக்குப் பத்துக்குப் பத்து போட்டாச்சு. ஒண்ணுல மட்டும் ஒம்பது. சந்தேகம் வரக் கூடாதுல்லா!"

அந்த ஒன்பதை நினைத்து அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு மனத்தாங்கல். அப்படிப்பட்டவனுக்கு இங்கே வந்தபிறகு என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்ற டிசம்பரில் அந்த உறை என் கைக்கு வந்தது. 'ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் போலப் பேசுகிறார்' என்று ஒருவர். 'தன் குடும்பத்தைப் பற்றி நகைச்சுவை சொல்கிறார். சிரித்தால் அவர் குடும்பத்தை அவமதித்ததாகுமோ என்று பயமாக இருக்கிறது' என்று இன்னொருவர். மூன்று பேர் என்னை இந்து என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஒருவர் பௌத்தர் என்று நினைத்து, என் அமைதிக்கு நன்றி சொல்லியிருந்தார். அது அமைதி அல்ல, காலை எட்டரை மணிக் குளிர். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே என் மனைவி ஜெசிக்குப் படித்துக் காட்டினேன். பிறகு ஒரு தாள் வந்தது. 'இவர் புத்தகங்களை வணங்குகிறார். தரையில் இருந்த என் பைபிளை எடுத்துத் தன் முகத்தில் அழுத்திக்கொண்டார். மதம் நடத்துகிறவர் நடுநிலையாக இருக்க வேண்டாமா? எனக்கு சங்கடமாக இருந்தது.' அடுத்ததும் அதே. நான்கு பேர் எழுதியிருந்தார்கள். ஐந்தாவதாக ஒருவர் வேறு மாதிரி எழுதியிருந்தார். 'கீழே கிடந்த குர்ஆனையும் பைபிளையும் எடுத்தார். என் கால்குலஸ் புத்தகத்தையும் அதே மாதிரிதான் எடுத்தார். ஆகவே இவர் நியாயமானவர் என்று முடிவு செய்தேன்.' அதைப் படித்தேன், உடனே மறந்தும்போனேன். மனிதன் முள்ளைத்தானே எண்ணுவான்.

இங்கே பிள்ளைகள் புத்தகங்களைத் தரையில் வைக்கிறார்கள். மேசை இருக்கும், அதன்மேல் காப்பி இருக்கும், புத்தகம் காலடியில் இருக்கும். பனிச்சேறு படிந்த பூட்ஸ் அதன்மேல் உரசிக்கொண்டிருக்கும். அவமதிப்பு ஒன்றும் இல்லை. தரை என்பது இன்னொரு பெரிய மேசை, அவ்வளவுதான். எனக்கோ நடந்துகொண்டே பேசுகிற வியாதி. பெஞ்சுகளுக்கிடையே போகும்போது என் கால் ஏதாவது ஒரு புத்தகத்தில் பட்டுவிடும். உடனே குனிந்து எடுத்து, இரு கண்ணிலும் ஒற்றி, மேசையில் வைத்துவிட்டு, புத்தர் என்ன சொன்னாரோ அதைத் தொடர்வேன். இப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டரை ஆண்டுகளாக வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

ஜெசி சிரிப்பை நிறுத்திவிட்டாள். இங்கே நர்ஸ் உரிமத்துக்காக மறுபடி பரீட்சை எழுதி, முதியோர் இல்லத்தில் நல்ல வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "இந்தக் குளுருக்குப் பழகவே எனக்கு மூணு வருசம் ஆச்சு. இப்பப் போயி ஊருக்குத் திரும்புன்னா நான் எங்கங்க போவேன்?" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வகுப்புக்கு நம்ம ஊரு மக்ரூன் கொண்டு போயிருக்கலாம்" என்றாள். மதிப்பீட்டு வாரத்தில் மாணவருக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எனக்குமுன் யாரோ ஒரு தூத்துக்குடிக்காரர் இங்கே வேலை பார்த்திருக்கிறார் போல.

ஜனவரியில் துறைத்தலைவர் மார்கரெட் அழைத்தார். நல்ல மனுஷி, யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

"அது ஒரு பிரார்த்தனையா?" என்று கேட்டார்.

"இல்லை."

"இந்து வழக்கமா?"

"நான் கிறிஸ்தவன். நான்கு தலைமுறையாக."

"அப்படியானால் கிறிஸ்தவ வழக்கம்."

"என் சபையில் கேட்டால் இல்லை என்பார்கள்."

"பிறகு அது என்ன?"

நான் மதங்களைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கியவன். படிப்புக்கு மரியாதை என்றேன். "கால்குலஸுக்குமா?" என்றார், கேலியாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள. குழுவுக்கு ஒரு பக்க விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.

தூத்துக்குடியில் யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. என் வகுப்பில் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவரின் மகன் இருந்தான். உப்பளத்து வீட்டுப் பெண் இருந்தாள். தாத்தா முத்துக் குளித்தார், அப்பா சங்கு குளிக்கிறார் என்று பெருமை பேசும் கடற்கரைப் பிள்ளைகள், காயல்பட்டினத்திலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். காலையில் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் நிற்கிற பிள்ளைகளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் மடியில் தங்கள் புத்தகங்களை அடுக்கிவிடுவார்கள். கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. மடி இருந்தால் புத்தகம் வரும். என் மடியில் பொருளாதாரத்துக்கு மேல் ஞானோபதேசம், அதற்குமேல் வணிகக் கணக்கு, அதற்குமேல் யாரோ ஒருத்தியின் அரபிப் பாடம். பிரேக் போட்டால் அத்தனையும் சரியும். எந்தக் கை எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கண்ணுக்குப் போய்விட்டுத்தான் மடிக்குத் திரும்பும்.

மில்லர்புரத்தில் இருக்கும் கிரேஸ் அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஏலே, இதுக்கா உன் வேலை போவப் போவுது? காலுல பட்ட புஸ்தகத்தை ஒதைச்சுத் தள்ளச் சொல்லுதானுவளா?"

"அப்பிடி இல்லக்கா. எதுக்குச் செய்யுதேன்னு எழுதிக் குடுக்கணும்."

"நம்ம அப்பா என்ன சொல்லுவாவ, மறந்துட்டியா?"

எனக்கு நினைவு வந்துவிட்டது. பூமாலையும் ஆகாது, குத்துவிளக்கும் ஆகாது, அத்தனையும் விக்கிரக ஆராதனை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அப்பா. ஆனால் சபைக் கோயிலில் பாட்டுப் புத்தகம் கைநழுவி விழுந்தால், எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஏன் என்று கேட்டால் முகம் சிவந்துபோகும்.

"'தூசி இருந்துச்சு, தட்டுனேன்'ம்பாவ," என்று அக்கா சிரித்தாள். "கண்ணால தூசி தட்டுன ஒரே மனுசன் ஒலகத்துலயே நம்ம அப்பாதாம்ல. நீயும் அதையே எழுதிக் குடு. வாத்தியாரு எழுதுனா நம்புவானுவ."

எழுதிக் கொடுத்தேன். 'எனக்குச் சுத்தத்தில் சற்று அதிக அக்கறை. தரையிலிருந்து எடுக்கும் பொருளைத் துடைத்து வைப்பது என் பழக்கம். கிட்டப்பார்வை காரணமாக முகத்தருகே கொண்டுபோயிருக்கலாம்.' இதுவரை எழுதியவற்றில் இதுதான் என் ஆகச்சிறந்த ஆங்கில உரைநடை.

எழுதிக் கொடுத்தபின் அதன்படி நடக்க வேண்டுமே. ஜனவரியிலிருந்து பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன். குளிரா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பிப்ரவரியில் மார்கரெட் வகுப்பைப் பார்க்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த அன்று, முதல் வரிசையிலிருந்து ஒரு தடித்த புத்தகம் என் காலருகே விழுந்தது. குனிந்தேன். எடுத்தேன். நாற்பது கண்கள் என் கையைத் தொடர்ந்தன. உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, மேசையில் வைத்தேன். அப்புறம் அரை மணி நேரம் என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். ஏப்ரலில் குழுவின் கடிதம் வந்தது: நிரந்தரம். ஜெசி அழுதுவிட்டு, அடுத்த நாளே எனக்குப் புது பனிபூட்ஸ் வாங்கினாள்.

ஜூலையில் முத்துராஜுக்குக் கல்யாணம். ஊருக்குப் போயிருந்தோம். தூத்துக்குடியிலிருந்து ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ்ஸில் போனபோது ஜெசி முன்னால் மகளிர் இருக்கையில், எனக்கு நடுவில் ஓர் இடம். பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் தன் புத்தகங்களை என் மடியில் வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மடியை இன்னும் இந்த ஊர் நம்புகிறது! வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியதும் மேலே இருந்த புத்தகம் சரிந்து என் செருப்பின்மேல் விழுந்தது. எடுத்தேன். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். மடியில் வைத்தேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து, அந்தப் புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்து, தன் கண்ணில் ஒற்றி, மறுபடி என் மடியிலேயே வைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை. தெரியாதவருக்கு ஒன்றைச் செய்துகொடுப்பது போலத்தான் செய்தாள்.

"சாருக்கு எந்த ஊரு?"

"தூத்துக்குடிதாம்மா. மில்லர்புரம்."

"அப்படியா சார்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்பவில்லை என்று முதுகிலேயே எழுதியிருந்தது. நான் எழுதிக் கொடுத்த பொய் எப்போது உண்மையானது என்று எனக்கே தெரியவில்லை. அப்பா முப்பது வருடம் அதே பொய்யைச் சொல்லியும் அவர் கை மாறவில்லை. எனக்கு ஆறே மாதம் போதுமாக இருந்தது.

கல்யாணப் பந்தியில் முத்துராஜிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். மாலையும் கழுத்துமாக விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா சார்! அந்த ஃபாரத்தை எல்லாம் நான் வந்து நெரப்பிக் குடுத்திருப்பேனே" என்றான்.

செப்டம்பரில் திரும்பியதும் மார்கரெட்டிடம் போய் உண்மையைச் சொன்னேன். அது தூசி இல்லை, அது என்னவென்று எனக்குத் தெரியாது, ஆனால் தூசி இல்லை என்றேன். அவர் என் கடிதத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார்.

"இதை நான் குழுவிடம் காட்டவே இல்லை. உங்கள் அறையை நான் பார்த்திருக்கிறேன். தூசி தட்டுகிற மனிதர் நீங்கள் இல்லை."

"பிறகு எப்படி...?"

"அந்த கால்குலஸ் மாணவர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அது போதுமாக இருந்தது."

பேர் தெரியாத ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை என்னைச் சரியாகப் பார்த்து, சரியாக எழுதி, வேலையையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. நான்தான் அதைப் படித்துவிட்டு, தேவையே இல்லாமல் என் கையை மாற்றிக்கொண்டு நிற்கிறேன். கையை மறுபடி பழக்க முயன்றேன். வேண்டுமென்றே செய்தால் நாடகம் மாதிரி இருக்கிறது. செய்யாவிட்டால் அந்த பஸ் பெண் பார்க்கிறாள். குனிந்து எடுக்கும் புத்தகம் நெஞ்சு வரைக்கும் வந்து, வழி கேட்கிறவர் மாதிரி அங்கேயே நின்றுவிடுகிறது.

போன வாரம் மறுபடி என்னை வெளியே அனுப்பினார்கள். தண்ணீர்க் குழாய், தீயணைப்பு விதிகள், சாத்திய கதவு. உள்ளே அத்தனை தலைகளும் குனிந்திருப்பது கதவுக் கண்ணாடியில் தெரிந்தது. நான் உறையை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது விழுந்திருக்க வேண்டும்: எழுதாத படிவம் ஒன்று நடைபாதையில், என் புது பூட்ஸுக்கு அடியில் கிடந்தது. குனிந்து எடுத்தேன். ஈரத்தில் பூட்ஸ் தடம் பதிந்திருந்தது. முதலில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கண்ணில் ஒற்றினேன். வலது கண்ணில் ஒற்றி இடது கண்ணுக்கு வருவதற்குள் கதவு திறந்தது. உறைக்குப் பொறுப்பேற்றிருந்த பெண் நின்றிருந்தாள். என்னையும் என் முகத்தில் இருந்த தாளையும் பார்த்தாள்.

"நாங்கள் முடித்துவிட்டோம்," என்றாள். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். "நீங்களும் முடித்துவிட்டு உள்ளே வரலாம்."