வெட்டிவிடச் சொன்ன குரல்

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஓட்டக் கூடாது. அப்படிச் சட்டம் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் ஓட்டக் கூடாது. ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது வாரம், சட்னிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மாடிவீட்டுக்காரர், நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், காதருகே கையை வைத்து ஏதோ சொன்னார். இது என்ன இயந்திரம் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு மிக்ஸியைக் காட்டினேன். கரண்டியில் கொஞ்சம் சட்னியும் கொடுத்தேன். மனிதர் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லிப் போனார். புகார் சொல்ல வந்தவருக்கு விருந்து வைத்திருக்கிறாய் என்று, குளித்துவிட்டு வந்த கணவர்தான் விளக்கினார். அன்றிலிருந்து அழைப்பு மணி அடித்தாலே புகார்தான் என்று நினைத்துக்கொள்வேன். யார் வந்தாலும் முதலில் மன்னிப்பு, பிறகுதான் வணக்கம். வெளிநாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட பழக்கம் அதுதான்.

அந்த மாடிவீட்டு மத்தியாஸ் ஒலிப்பதிவுக்காரர். கச்சேரிகளைப் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, இசைத்தட்டுக்குத் தயார் செய்து கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மிக்ஸி அவரை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று பிறகு புரிந்தது. ஆனாலும் சட்னிக்கு மரியாதை வைத்து எங்களோடு சிநேகமாகத்தான் இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், அம்மா போன மறுவருஷம், அப்பா மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்தபோது, மத்தியாஸுக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது. இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. மாடியில் உட்கார்ந்து ரெக்கார்டு கேட்பார்கள், இறங்கி வருவார்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சி வீட்டிலிருந்து அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசுக்கு முப்பது வருஷம் போய்வந்தவர். பாடத் தெரியாது, ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும். எங்கள் பக்கத்தில் அது ஒரு தகுதிதான். கோயில் திருவிழாக் கச்சேரியில் முன்வரிசையில் அப்பா உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டால்தான் நாகஸ்வரக்காரருக்கு ராகம் ஓடும். நல்ல சங்கதி ஒன்று விழுந்தால் அப்பா அடிவயிற்றிலிருந்து "பலே" என்பார். வாசிப்பவர் சீவாளியை வாயிலிருந்து எடுக்காமலேயே கண்ணால் சிரித்துவிட்டு இன்னொரு சுற்றுப் போவார். கேட்டவன் வாயை மூடிக்கிட்டு இருந்தா வாசிக்கிறவன் யாருக்கு வாசிக்கான் என்பார் அப்பா. சிறுமியாக இருந்தபோது எனக்கு இதில் பெருமை. கல்லூரிக்குப் போனபிறகு கொஞ்சம் கூச்சம்.

ஒரு நாள் மத்தியாஸ் மூன்று அனுமதிச் சீட்டுகளோடு வந்தார். யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பழைய இசையமைப்பாளர் எழுதிய ஓபரா. இருநூறு வருஷத்துக்கு மேல் ஏதோ மடாலயத்து அலமாரியில் கிடந்ததாம். உடையும் நடிப்பும் இல்லாமல், பாட்டை மட்டும் ஒரு தேவாலயத்தில் பாடப்போகிறார்கள், அதை அப்படியே நான்தான் பதிவு செய்கிறேன், அப்பா கட்டாயம் வர வேண்டும் என்றார். வாசலிலேயே ஆளுக்கு இரண்டு இருமல் மிட்டாய் கொடுத்தார்கள். தாள் சரசரக்கக் கூடாதென்று அதை மெழுகுத்தாளில் சுற்றியிருந்தார்கள். இருமக் கூடாது என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன். பலே சொல்லக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கதை இதுதான்: கணவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருக்கும் ஓர் அரசி. இரண்டாம் அங்கத்தில் அவளுக்கு ஒரு நீண்ட புலம்பல். முதல் பகுதியைப் பாடி, வேறொன்றுக்குப் போய், மறுபடி முதல் பகுதிக்கே வருவார்கள். வரும்போது அப்படியே பாட மாட்டார்கள், பாடுகிறவர் தன் கற்பனையில் வளைவும் நெளிவும் சேர்த்துப் பாட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்பாவுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. "பல்லவிக்குத் திரும்புதா பாரு" என்று காதருகில் கிசுகிசுத்தார். அரசியாகப் பாடியவள் திரும்பினாள். ஒரு சுரத்தைப் பிடித்து, பைய இறக்கி, யாரும் எதிர்பாராத இடத்தில் மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். கூட்டத்தின் அந்த நிசப்தத்தில், அவள் சுரத்தின் மேலேயே அப்பா முழுக்குரலில் "பலே" என்றார். பெஞ்சுப் பலகையில் ஒரு தட்டும் தட்டினார்.

தலைகள் திரும்பின. எத்தனை என்று நான் பார்க்கவில்லை, என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, நகம் பதிய, பாட்டு முடியும்வரை விடவில்லை. அவள் அதற்குப்பிறகு எப்படிப் பாடினாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவமானத்தில் காது அடைத்துப்போயிருந்தது.

திரும்பும் டிராமில் அப்பா சாதாரணமாகத்தான் பேச ஆரம்பித்தார். "ஏளா, அந்தப் பிள்ளை கடைசியில எப்படிப் பாடிட்டா பாத்தியா?"

"இது ஒங்க கோயில் கச்சேரி இல்லப்பா. ஒருத்தர் பதிவு பண்ணிக்கிட்டிருக்காரு. கொஞ்ச நேரம் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா? எனக்கு இங்கன மானமா இருக்கணும்லா?"

கணவர் என் கையைத் தொட்டார், நான் உதறினேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தம் தாண்டி, "தப்புதாம்ளா. நல்லாப் பாடுனா, அதான் வந்துட்டு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அழைப்பு மணி அடித்தது. மத்தியாஸ். அவர் வாயைத் திறக்கும் முன் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வயதானவர், பழக்கம் தெரியாது, தயவுசெய்து அந்த இடத்தை வெட்டிவிடுங்கள் என்று எனக்கிருந்த அரைகுறை ஜெர்மனில் கொட்டினேன். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். நான் விட்டால்தானே. நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயமாக, அது இருந்தால் எங்களுக்குத்தான் அவமானம் என்றேன். சரி என்று படியேறிப் போனார். கதவைச் சாத்தியபோது எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. கூடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஜெர்மன் புரியாவிட்டாலும் என் குரல் புரிந்திருக்கும்.

மிச்சமிருந்த ஆறு வாரமும் அப்பா மாடிக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றார். வீட்டில் நான் ஊர்க் கேசட் போட்டால் கேட்பார், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. சும்மா தாளம் போடுங்கப்பா, இது நம்ம வீடுதானே என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். விமானநிலையத்திலும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, கல்லிடைக்குறிச்சியில், காலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து ஈஸிசேரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காரியங்கள் நடந்துகொண்டிருந்தபோது தம்பிதான் சொன்னான், அப்பா குரல் நம்மகிட்ட ஒண்ணுகூட இல்லையேக்கா என்று. வீடு நிறையக் கேசட். எல்லாவற்றிலும் மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனிக்குத் திரும்பிய அன்றே மாடியேறினேன். அந்த ஒரு சொல் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். மத்தியாஸ் என்னை உட்காரவைத்தார். மூல நாடாக்களை இசைத்தட்டு நிறுவனம் எப்போதோ அழித்து வேறு பதிவுக்கு எடுத்துக்கொண்டுவிட்டதாம். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் அன்றைக்குப் புகார் சொல்ல வரவில்லை. அந்தக் குரலை வைத்துக்கொள்ளட்டுமா என்று உங்கள் அப்பாவிடம் அனுமதி கேட்க வந்தேன். பாடகிதான் என்னை அனுப்பினாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு பாடியதைப்போல் அவள் வாழ்க்கையில் பாடியதில்லையாம். அந்தக் கிழவருக்காகப் பாடினேன் என்றாள்."

குரல் பாட்டின் மேலேயே விழுந்திருந்ததால் ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. நான் வெட்டச் சொன்னதால், நடுவில் ஒட்ட இடமில்லாமல், அவள் அதற்குப்பிறகு பாடிய பகுதி முழுவதும் சேர்ந்து போயிற்று. அந்த இடத்தில் முந்தின நாள் ஒத்திகையில் எடுத்ததை ஒட்டியிருக்கிறார்கள். அந்த இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. சுத்தமான பாட்டு. ஓர் இருமல் இல்லை, ஒரு மூச்சு பிசகவில்லை. அரசி பல்லவிக்குத் திரும்பும்போது அடக்கமாக நாலு சங்கதி பாடிவிட்டு முடித்துக்கொள்கிறாள். எதிரே யாரும் இல்லாத காலிக் கூடம் அது. நான் அப்பாவிடமிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, அவளிடமிருந்தும் எடுத்திருக்கிறேன்.

போன வருஷம் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தம்பி பிடிவாதமாக என்னை முன்வரிசையில், அப்பா உட்காரும் இடத்திலேயே உட்காரவைத்தான். பாடியது களக்காட்டிலிருந்து வந்த ஒரு பெண், முப்பது வயது இருக்கும். அற்புதமாகப் பாடினாள். சுற்றிலும் ஆட்கள் தொடையில் தட்டிக்கொண்டும் ஆகா சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். அவள் ஒவ்வொரு சங்கதிக்கும் என் முகத்தைப் பார்த்தாள். அது யாருடைய இடம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்பாவின் அந்தப் பலே தொண்டைவரை வந்தது, வாய் திறக்கவில்லை. பாட்டு முடியட்டும், முடிந்தபிறகு காட்டலாம் என்று காத்திருந்தேன். முடிந்ததும் ஜெர்மனியில் செய்வதுபோல் எழுந்து நின்று கைதட்டினேன். கச்சேரி பாதிதான் ஆகியிருந்தது, அத்தனை கூட்டத்திலும் நின்றது நான் ஒருத்திதான்.

அவள் முகம் வாடிவிட்டது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னக்கா, கெளம்பிட்டியளா?" என்று கேட்டாள்.