தோளை விட்டு இறங்காத துண்டு

தனபால் போய்விட்டார் என்பதை எனக்குச் சொன்னது தொழிற்சாலை வாசலில் இருக்கும் கரும்பலகை. யாரோ அவசரத்தில் சாக்பீஸால் கிறுக்கிய இரண்டு வரி. அதிலும் இனிஷியல் தப்பு. இத்தனை வருஷம் ஃபிட்டராக உழைத்த மனிதனுக்கு இவ்வளவுதான் மரியாதை. இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள், அவருக்குச் சினிமாப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பைத்தியமாம். அவரோடு பழகாத நீங்களாவது கேளுங்கள்.

எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸ் மன்றத்தில் சனிக்கிழமைதோறும் வீடியோ டெக்கில் படம் போடுவோம். ஒருமுறை, பறக்கும் நாயகனைப் பற்றிய இங்கிலீஷ் படம். வசனம் ஒருவருக்கும் புரியவில்லை. நாயகனின் தோளில் நீலத் துணி பறந்ததும், குளித்துவிட்டுத் துண்டோடு வந்துவிட்டான் என்று கேலி கிளம்பியது. தனபால் எழுந்து போய்ச் சத்தத்தை அறவே குறைத்தார். டெக் அருகே இருந்த என்னிடம், "காதை வுடுங்க அண்ணாத்தே, கண்ணால பாருங்க" என்றார்.

பிறகு அவரே காட்டிக்கொண்டு வந்தார். நாயகனைக் கேமரா கீழேயிருந்து பார்க்கிறது, அதனால் ஓங்கி நிற்கிறான். அதே ஆள் பகலில் குமாஸ்தாவாக வரும்போது மேலேயிருந்து பார்க்கிறது, பாவம், சுருங்கிப்போகிறான். "ஆபீஸர் ரூமுக்குள்ள நாம போற மாதிரியே கீறான் பாரு" என்றார். அதற்கப்புறம் ஒருவரும் கேலி செய்யவில்லை.

அதையே மன்றத்தின் ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னேன். ஆசிரியன் நான்தான். கடைசிப் பத்தியில் அந்தத் துணியைப் பற்றி எழுதியிருந்தார். அவருடைய ஊரில் பெரிய தெருவுக்குள் நுழையும்போது அவர் அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டுமாம். எந்தக் கொம்பன் எதிரே வந்தாலும் இந்த நாயகன் துணியைத் தோளிலிருந்து இறக்குவதில்லை. அவன் பலம் முஷ்டியில் இல்லை, அங்கேதான் இருக்கிறது என்று முடித்திருந்தார்.

அந்தப் பத்தியை வெட்டினேன். மன்றத் தலைவர் அதே பெரிய தெருக்காரர். வம்பை எதற்கு விலைக்கு வாங்குவது என்ற பயம்தான். வேறு ஒரு நியாயமும் என்னிடம் இல்லை. மலரில் இடம் போதவில்லை என்று தனபாலிடம் கூசாமல் பொய் சொன்னேன். அவர் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார்.

"எங்கப்பாவுக்கு மட்டும்தான் எடம் இல்லியா, அண்ணாத்தே?"

அதன்பின் அவர் ஒரு வரி எழுதவில்லை. படத்துக்கு வருவார், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். மன்னிப்புக் கேட்க எனக்குப் பத்து வருஷம் இருந்தது. தினமும் ஒரே வாசலில்தான் நுழைந்தோம். கேட்கவில்லை. வெட்டிய தாளையாவது வைத்திருக்கலாம். கோழை, அதையும் கிழித்துப்போட்டேன். அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். அந்தக் கேள்விக்குப் பிறகு சாகும்வரை அவர் என்னை அண்ணாத்தே என்று அழைக்கவில்லை. 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.