தமிழ் மாதிரி இருந்த எழுத்து

கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள அச்சகத்தில் நான் பக்கம் அமைக்கிறேன். முதலாளியின் மருமகன் கொழும்பில் டிசைன் படித்துவிட்டு ஒரு மேக் கணினியோடு வந்து இறங்கினார். அதை மேசையில் வைத்த பக்தியைப் பார்த்து, கற்பூரம் கொளுத்தப் போகிறார் என்றே நினைத்தேன். எங்கள் விண்டோஸ் கணினிகளைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார். அச்சடிக்கப் பிளேட் எடுப்பதென்னவோ அவற்றில்தான்.

ஒரே எழுத்துருவுக்கு மேக்கில் ஒரு பெயர், விண்டோஸில் வேறு பெயர். எந்தப் பெயருக்கு எது பதில் என்று எழுதிவைக்க மென்பொருளிலேயே மேப்பிங் என்று ஓர் அட்டவணை உண்டு. அதை நிரப்ப ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஆனால் சரியான பெயரைப் போட வேண்டும். எங்கள் பழைய தமிழ் எழுத்துருக்களில் ஒன்றில் 'க' இருக்கிற இடத்தில் இன்னொன்றில் 'ழ' இருக்கும். மாற்றிப் போட்டால் எல்லாம் தமிழ் எழுத்தாகவே வரும், ஒரு சொல்லும் இருக்காது. இதை அவரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நீங்க ஒங்க வேலையப் பாருங்க. மேப்பிங் எல்லாம் நான் போட்டுட்டேன்" என்றார்.

என்ன போட்டார்? பட்டியலில் முதலில் இருந்த தமிழ் எழுத்துருவைப் போட்டார். திரையில் சுழியும் புள்ளியும் தெரிந்தன, ஐயாவுக்குத் திருப்தி. தமிழ் வீட்டில் பிறந்தும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதை, ஏதோ பட்டம் வாங்கியது போல வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்ளும் மனிதர் அவர். நான் லீவில் நாவலப்பிட்டிக்குப் போயிருந்தபோது, அவரே புரூஃபில் சரி என்று கையெழுத்துப் போட்டு ஒரு மும்மொழி அறிவித்தலை அடித்து அனுப்பிவிட்டார். பிள்ளைகளின் கிளினிக் நகரின் மறுபக்கத்துக்கு மாறிவிட்டது என்ற அறிவித்தல்.

லீவு முடிந்து வந்த பிறகு, அதை நான் பழைய கிளினிக்கின் பூட்டிய கேற்றில்தான் பார்த்தேன். சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழ் வெறும் குப்பை. அதற்கு முன்னால், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு பெண், வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு நின்றார். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்தவராம்.

"அண்ணே, இதுல என்னாங்க போட்டிருக்கு? நானும் எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவதான். இப்ப ஒண்ணும் கூட்டி வாசிக்க முடியலைங்க."

அந்த மருமகனை அங்கேயே கொண்டுவந்து நிறுத்தி, அவர் அடித்ததை உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. புது இடத்துக் கிளினிக்கும் மத்தியானத்தோடு மூடிவிடும். மத்தியானமும் ஆகிவிட்டிருந்தது. ஒரு திரீவீலை மறித்து அந்தப் பெண்ணை ஏற்றி, ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னேன்.

"ஒங்க மேல தப்பில்லம்மா. அடிச்சவங்கதான் பிழையா அடிச்சிருக்காங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. "படிச்சவங்க அடிச்சதுங்கண்ணே, அதுல போயி பிழை இருக்குமா? எனக்குத்தான் எழுத்தெல்லாம் மறந்து போச்சு" என்று வெட்கத்தோடு சிரித்துவிட்டு, குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டார்.